அதிரசம் கரைந்து போவது ஏன்?
(கரும்பு விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உழவியல் படித்தவன் பலகாரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் எண்ணக்கூடும். தீபாவளியானாலும் கல்யாணச் சீரானாலும் நம் வீடுகளில் அதிரசம் இல்லாமல் முடிவதில்லை. ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டில் இரண்டு படி அரிசி மாவு வீணாயிற்று. எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிந்து கரைந்து போனது. கைப்பக்குவம் போதவில்லை என்று எல்லோரும் என் தாயார் மேல் பழி போட்டார்கள். மீதமிருந்த வெல்லத்தை நான் எடுத்துப் பார்த்தேன். பார்வைக்குப் பளிச்சென்று வெளுத்திருந்தது. ஆனால் அழுத்தினால் நசுங்கி விரலில் ஒட்டியது. குற்றம் அடுப்படியில் இல்லை, கரும்பு வயலில் இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் சர்க்கரை. இதுதான் இறுகி மணல் போன்ற படிகமாகிறது. அதோடு குளுக்கோஸ் வகைச் சர்க்கரையும் கொஞ்சம் இருக்கும். அது எளிதில் படிகமாகாது, காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். இந்த இரண்டாவது வகை மிகுந்துவிட்டால் பாகு இறுகாது. அதிரசம் பிடிப்பின்றிப் பிரியும்.

அது மிகுவது எதனால்? முற்றாத கரும்பை வெட்டுவது முதல் காரணம். வெட்டிய கரும்பை நாள்கணக்கில் களத்தில் போட்டு வைப்பது அடுத்தது. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையாடிவிட வேண்டும். பயிர் பச்சையாக நிற்க வேண்டும் என்ற ஆசையில் கடைசி வரை யூரியா போடுகிறோமே, அதுவும் கெடுதல்தான். தழைச்சத்தை நட்ட 30, 60, 90 ஆம் நாட்களில் பிரித்துப் போட்டு, அத்தோடு நிறுத்திவிட வேண்டும். பிந்திப் போட்டால் முதிர்ச்சி தள்ளிப்போகும். காய்ச்சும் கரும்பில் கொழுந்தாடையை நன்றாகக் கழித்துவிடுங்கள். நுனிக் கணுக்களில் சுக்ரோஸ் குறைவு.

இனி, சங்கடமான விஷயம். கொப்பரையில் ஹைட்ராஸ் போடுகிறோம். மண்டியில் வெளுத்த வெல்லத்துக்குத்தான் விலை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அது வெல்லத்தில் கந்தகத்தைத் தங்கவைக்கிறது. அந்த வெளுப்பும் நிலைப்பதில்லை. இருப்பு வைத்தால் மீண்டும் கறுத்துப்போகும். ஒரு கொப்பரைக் கொட்டகையில் நான் கண்டதைச் சொல்கிறேன். வீட்டுக்காரம்மாள் முதல் கொப்பரையில் ஹைட்ராஸ் போடவிடாமல் வீட்டுக்கென்று தனியே எடுத்துக்கொண்டார். மற்றதெல்லாம் சந்தைக்கு! அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் சந்தையில் வாங்குகிறவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள் அல்லவா? பச்சை வெண்டைத் தண்டை நசுக்கி நீரில் பிசைந்து, அந்த வழவழப்பைக் கொதிக்கும் சாற்றில் ஊற்றினால் அழுக்கு திரண்டு மேலே வரும். பொறுமையாக அதை வழித்தெடுத்தாலே வெல்லம் பொன்னிறமாக அமையும். சுண்ணாம்பு நீரை அளவோடு விடுங்கள். மிஞ்சினால் நிறம் கறுக்கும்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தை, மாசியில் காய்ச்சிய வெல்லம் ஐப்பசி வரை இருக்க வேண்டும், தீபாவளியோ மழைக்காலம். ஆகவே நன்கு ஆறிய வெல்லத்தைப் பாலித்தீன் பையில் கட்டி, உலர்ந்த பானையில் வைத்து மூடி, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். புழுங்கல் அரிசி அதிரசத்துக்கு உதவாது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் துணியில் பரப்பி, கையில் ஒட்டாமலும் உள்ளே ஈரம் இருக்கும்படியும் உள்ள பதத்தில் இடித்துச் சலியுங்கள். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் போதும். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டினால் மென்மையான உருண்டையாக நிற்க வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கி மாவைக் கிளறி, இரண்டு நாள் கழித்து, மிதமான தீயில் சுடுங்கள். மொத்த மாவையும் தட்டுவதற்கு முன் ஒன்றே ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அவரவர் கொப்பரை வெல்லத்தில் ஒரு கட்டி கொண்டு வாருங்கள். இங்கேயே அடுப்பு மூட்டிப் பாகு வைத்துப் பார்த்துவிடலாம்.