கைக்காசும் கணக்கும்

பிள்ளைகள் கையில் காசு கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்று பலர் தயங்குகிறோம். ஆனால் காசைக் கையாளாமல் கணக்கு வராது. அழகர்கோவில் பக்கம் புல்லிசேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை பள்ளிக்கூடம் போகாதவர். வயலில் கூலி வேலை செய்தவர். களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுவில் பெண்களைச் சேர்த்து, சிறுதொகையைச் சேமித்து, அதையே கடனாகச் சுழற்றி, கந்துவட்டியிலிருந்து பலர் மீள வழிகாட்டினார். 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தத் திறமை புத்தகத்தில் வந்ததல்ல. சொந்தக் காசைக் கையாண்டு, கூட்டத்தில் எல்லார் முன்னும் கணக்குப் பார்த்ததில் வந்தது.

படிக்கிற வயதில் பிள்ளைக்குக் காசும் கணக்கும் எதற்கு என்பார்கள். முதல் சம்பளத்திலேயே தவணைக்கு பைக் வாங்கத் தூண்டும் காலம் இது. அதற்குள் வட்டி என்னவென்று தெரிந்திருக்க வேண்டாமா? 10 வயதைக் கடந்தவர்கள் தாமே சேமிப்புக் கணக்கை இயக்க 2014-இலேயே ரிசர்வ் வங்கி வழிவிட்டது. வருமானமே பற்றாத வீட்டில் சேமிப்பா என்ற கேள்வி நியாயமானது. அங்கே தொகை முக்கியமில்லை. வரவு செலவை மறைக்காமல் பிள்ளையிடம் சொல்லுங்கள். மளிகை, கரண்ட் பில், சீட்டுப்பணம் எல்லாம் பிள்ளையின் கையெழுத்திலேயே நோட்டில் ஏறட்டும்.