கூலி வாங்காத ஆட்டக்காரர்



றகர் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், அந்த முரட்டு ஆட்டத்துக்கும் நமது மன்றத்துக்கும் என்ன தொடர்பு என்று முன்வரிசைப் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். விளையாடினாற் படிப்புக் கெடும் என்று நம் வீடுகளில் ஓயாது நடக்கும் வழக்கு ஒன்றுண்டல்லவா? அவ்வழக்கிற் சாட்சி சொல்ல அயர்லாந்திலிருந்து ஒருவரை அழைத்து வந்திருக்கிறேன். அவர் பெயர் டொக்டர் ஜாக் கைல்.

1926 இல் பெல்பாஸ்ற் நகரிற் பிறந்த கைல், அங்குள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்றார். ஆட்டத்தில் அவர் நின்ற இடம் மிகப் பொல்லாத இடம். முன்னணி வீரர் முட்டி மோதி வெளியே விடும் பந்து கைக்கு வந்ததும், ஓடுவதா, உதைப்பதா, பக்கத்தவனுக்கு எறிவதா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். அப்படித் தீர்மானிக்கும் பொறுப்போடு 1947 முதல் 1958 வரை அயர்லாந்துக்காக 46 சர்வதேசப் போட்டிகளில் ஆடினார்.

1948 இல் பிரான்ஸ், இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, வேல்ஸ் ஆகிய நான்கு அணிகளையும் ஒரே பருவத்தில் அயர்லாந்து வென்றது. கடைசி ஆட்டம் பெல்பாஸ்றிலேயே நடந்தது. வேல்ஸ் 6க்கு 3 என்று தோற்றது. அப்பொழுது கைலுக்கு வயது 22; இன்னும் மாணவர். நாடு வடக்கென்றும் தெற்கென்றும் 1921 இலேயே பிரிந்துவிட்டது. ஆயினும் றகர் அணி மட்டும் பிரியவில்லை. இரு பகுதியாரும் ஒரே சட்டையணிந்து ஓடினர். அதனை நம் நாட்டவர் சற்று நின்று நோக்கலாம். அவ்வெற்றி மீண்டும் கிட்ட அயர்லாந்து 61 ஆண்டுகள் காத்திருந்தது. 2009 இல் அது கிட்டியபோது, 83 வயதுக் கைல் கார்டிஃப் மைதானத்தில் இருந்து கண்டார்.

1950 இல் பிரித்தானிய லயன்ஸ் அணியோடு கப்பலேறி நியூசிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனார். ஏறக்குறைய ஆறு மாதப் பயணம். டனீடின் நகரில் நடந்த முதற் பெரும் போட்டி 9க்கு 9 எனச் சமமாய் முடிந்தது. அதிற் கைலும் புள்ளி ஈட்டினார். திரும்பும் வழியில் அந்த அணி கொழும்பில் இறங்கி இலங்கை அணியை 44க்கு 6 என்று தோற்கடித்ததைப் பெரியோர் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். படிப்பை விட்டு அரையாண்டு கடலிலும் மைதானத்திலும்! பையன் றகரைக் கொண்டா பிழைக்கப் போகிறான் என்று அவர் தந்தையார் கவலைப்பட்டாராம். யாழ்ப்பாணத்துத் தந்தையும் வேறு என்ன கேட்பார்? மறு ஆண்டே மகன் டொக்டரானார்.

பிழைக்க முடியாதென்பது உண்மையே. 1995 வரை அந்த ஆட்டத்தில் ஊதியம் வாங்குவது குற்றம். இவ்விதியைப் புகழ்ந்து பேசுவோர் பலருண்டு. நான் முழுதும் புகழமாட்டேன். சனிக்கிழமை வேலையை விட்டு ஆடவந்த தொழிலாளிக்கு, இழந்த கூலியையாவது கொடுங்கள் என்று வட இங்கிலாந்துக் கழகங்கள் கேட்டன. மறுக்கப்பட்டமையால் 1895 இற் பிரிந்தே போயின. கூலியின்றி ஆடுவது, மகனை வைத்தியம் படிப்பிக்கக்கூடிய வீட்டுக்கு எளிது. சுரங்கத் தொழிலாளியின் வீட்டுக்கு எளிதன்று.

ஆனால் கைல் பின்னாளில் அந்தச் சுரங்கத் தொழிலாளரிடமே போய்ச் சேர்ந்தார். ஆட்டத்தை விட்டபின் சிலகாலம் இந்தோனேசியாவிற் பணிபுரிந்தார். 1966 இல் சாம்பியா நாட்டின் சிங்கோலா என்னும் செப்புச் சுரங்கப் பட்டினத்துக்குச் சத்திரசிகிச்சை நிபுணராகச் சென்றார். ஊரில் தங்கியிருந்தால் அவர் புகழுக்கு நோயாளர் வாசலில் வரிசையாய் நின்றிருப்பர். சிங்கோலாவில் கத்தியெடுத்த கைக்கே மதிப்பு. பந்தெடுத்த கையென்பது அங்கு யாருக்கு வேண்டும்? மைதானத்தில் அவர் பெயர் விளங்கியது 11 ஆண்டு. அந்த வைத்தியசாலையில் அவர் நின்றது 34 ஆண்டு. 2000 இற்றான் தாயகம் திரும்பினார். 2014 நவம்பர் 28 இல், 88 ஆவது வயதிற் காலமானார்.