துணைக்கு வந்தவரும் கையை நீட்டுங்கள்



சென்ற முகாமில் ஓர் அம்மா, வீட்டுக்காரருக்குச் சர்க்கரை பார்க்கத் துணையாக வந்தார். "நீங்களும் கையை நீட்டுங்கம்மா" என்றேன். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். அளந்தால் 180/110! ரத்தக் கொதிப்பு வலிக்காது, சொல்லிக்கொண்டும் வராது. ஆகவே 30 வயது தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். பரிசோதனை இலவசம்.

வருமுன் கவனியுங்கள்:

1. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 8 மணி நேரம் சாப்பிடக்கூடாது. தண்ணீர் குடிக்கலாம்.

2. கொதிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் பற்றி முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. பழைய சீட்டு, மாத்திரை அட்டை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டு வாருங்கள்.

4. கொதிப்பு அளக்க அரை மணிக்கு முன் காபி, பீடி வேண்டாம். 5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள்.

5. தாய்மார்கள் கருப்பை வாய், மார்பகப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இதில் வெட்கம் எதற்கு?

டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். அளவைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். 140/90 அல்லது அதற்கு மேலென்றால் மறுபடி வரச் சொல்வார்கள், தட்டாமல் வாருங்கள்.

அந்த அம்மா இப்போது மாத்திரை தவறுவதில்லை. அடுத்த முகாமுக்குப் பக்கத்து வீட்டாரையும் கூட்டி வருகிறார். நீங்களும் வாருங்கள்.