மலடி என்னும் பழியும் கிருமி செய்யும் வேலையும்



பெருங்குடியில் பிள்ளைப்பேறு இல்லாத பெண்ணை மலடி என்று பழித்து, கணவனுக்கு வேறு பெண் பார்த்ததை நாம் கண்டிருக்கிறோம். முன்வினை என்றார்கள். நம்மைத் தாழ்த்தி வைத்ததற்கும் அதே காரணத்தைத்தான் சொன்னார்கள்! ஆகவே மருத்துவ அறிவியல் சொல்வதை நாம் கேட்போம்.

நம் உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் ஒரு காவற்படை. தன்னவர் யார், அயலார் யார் என்பதை அது பெரும்பாலும் இளம் பருவத்திலேயே கற்றுவிடுகிறது. விந்தணுக்களோ பருவம் எய்திய பின்னரே தோன்றுகின்றன. காவற்படைக்கு அவை அயலார். ஆதலின் விரைக்குள் ஒரு தடுப்பு அமைந்து அவற்றை மறைத்துக் காக்கிறது. கிருமித் தொற்றினால் அத்தடுப்பு சிதைந்தால், காவலனே வீட்டுக்காரனைக் கள்வனென்று அடிக்கக்கூடும்.

1953-இல் நியூயார்க்கில் ஜூல்ஸ் பிராய்ண்ட் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும், விரைத்திசுவைக் கொல்லப்பட்ட காசநோய்க் கிருமிகளோடும் எண்ணெயோடும் கலந்து கினிப்பன்றிகளுக்கு ஊசி வழியே செலுத்தினர். அவற்றின் விந்தணு உற்பத்தி அழிந்தது. செத்த கிருமி விரையை அரிக்கவில்லை; காவற்படையைத் தூண்டிவிட்டது, அவ்வளவே.

பெண்களிடத்தில் கிளமிடியா என்னும் பால்வினைத் தொற்று பெரும்பாலும் அறிகுறியின்றி வருகிறது. அது கருக்குழாயைத் தழும்பாக்கி அடைத்துவிடும். அக்கிருமியின் புரதமொன்று நம் உடற்புரதத்தை ஒத்திருக்கிறது. குழாய் அடைபட்ட பெண்கள் பலரிடம் அதற்கான எதிர்ப்பொருள் காணப்பட்டுள்ளது. இவ்வொற்றுமையால் காவற்படை ஏமாந்து தன் உடலையே தாக்குகிறதா என்பதில் அறிஞரிடையே வாதம் தீரவில்லை.

காசநோயின் வழி வேறு. உயிருள்ள கிருமி கருக்குழாயை நேரே கெடுக்கிறது. நம் நாட்டில் பிள்ளையின்மைக்கு இது முக்கியக் காரணங்களுள் ஒன்று. இந்நோய்க்குச் சென்னை ஆற்றிய தொண்டை நாம் மறத்தலாகாது. 1956-இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்துண்ட ஏழைகளும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு நிகராகக் குணமடைவதை 1959-இல் உலகுக்குக் காட்டியது. குடிசை குற்றவாளியன்று என்பது அன்றே தெளிவாயிற்று.

கிளமிடியாவுக்கும் காசத்துக்கும் மருந்துண்டு. ஆனால் மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றித் தழும்பை ஆற்றாது, எனவே காலந்தாழ்த்தலாகாது. பால்வினைத் தொற்றெனில் கணவன் மனைவி இருவரும் மருந்துண்ண வேண்டும். விந்துப் பரிசோதனை எளிது. கருக்குழாய்ச் சோதனையோ பெண்ணுக்கு வலி தருவது. ஆதலின் இளைஞர்களே, மனைவியை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்பாமல் நாமும் உடன் சென்று, முதற்சோதனையை நாமே செய்துகொள்வோம்.