கணினிக் கணக்கும் பொதுச்சொத்துப் பாதுகாப்பும்

 

வெள்ளி விழா மேடையில் கணக்கைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் வியக்கலாம். அண்ணல் அம்பேத்கர் பெரும் பொருளியல் அறிஞர் என்பதை நாம் மறக்கலாகாது. ரூபாயின் சிக்கல் குறித்த அவரது ஆய்வு 1923ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்பவரே அரசியலமைப்பின் மிக முக்கியமான அதிகாரியாக இருக்கக்கூடும் என்று 1949இல் அரசியல் நிர்ணய சபையில் கருத்துரைத்தவரும் அவரே.

நம் குடியிருப்புகளில் நிகழ்வது என்ன? மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டப்படுகிறது. திறப்பு விழா நடைபெறுகிறது. கல்வெட்டில் பெயர்கள் பொறிக்கப்படுகின்றன. ஆண்டுகள் சில கழிந்ததும் தூண்களில் கம்பி தெரிகிறது. பழுது பார்க்கக் கேட்டால், நிதி இல்லை என்னும் விடையே கிடைக்கிறது.

இதற்கு ஒரு காரணம் பழைய ரொக்கக் கணக்கு முறையாகும். பணம் செலவான நாளோடு அம்முறையில் தொட்டியின் கதை முடிந்துவிடுகிறது. இரட்டைப்பதிவு முறையிலோ அது சொத்தாகப் பதிவாகிறது. 30 இலட்சம் ரூபாயில் கட்டிய தொட்டிக்கு ஆயுள் 30 ஆண்டுகள் எனக் கொண்டால், ஆண்டுதோறும் ஓர் இலட்சம் ரூபாய் தேய்மானமாகக் கணக்கில் காட்டப்படும். தேய்மானம் தானே பணமாகிவிடாது. ஆயினும் எப்போது, எவ்வளவு நிதி ஒதுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எச்சரிக்கும்.

கணினி இப்பணியை எளிதாக்குகிறது. ஒவ்வொரு சொத்துக்கும் தனி எண், கட்டிய ஆண்டு, அடக்கவிலை, இருப்பிடம் ஆகியவை ஓரிடத்தில் நிற்கின்றன. பழுதுச் செலவும் அவ்வெண்ணின் கீழேயே ஏறுகிறது. ஒரு மோட்டாரைத் திரும்பத் திரும்பச் சரிசெய்வதைவிடப் புதிது வாங்குவதே சிக்கனம் என்பது அப்போது விளங்கும். அலுவலர் மாறுதலாகிச் சென்றாலும், பேரேட்டைக் கரையான் அரித்தாலும், முறையாகப் படியெடுத்துக் காத்த கணக்கு அழியாது.

தமிழ்நாட்டு நகராட்சிகள் 2000ஆம் ஆண்டையொட்டி இத்தகைய கணக்கு முறைக்கு மாறத் தொடங்கின. 2004இல் தேசிய நகராட்சிக் கணக்குக் கையேடு வெளிவந்தது. ஊராட்சிகளின் திட்டத்தையும் கணக்கையும் காட்டும் இ-கிராம் ஸ்வராஜ் இணையத்தளம் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் தொடங்கப்பெற்றது.

எனினும், நண்பர்களே, கணினி நீதிமான் அன்று. எழுதியதையே அது காட்டும். வறண்ட குழாயை 'இயங்குகிறது' என்று ஒருவர் பதிந்தால், வறண்ட குழாயிலும் நீர் வருவதாகவே அது காட்டும். நம் தெருவைப் பதியாமல் விட்டால், அத்தெருவுக்குப் பராமரிப்புச் செலவும் எழாது. ஊருக்குள் தள்ளி வைக்கப்பட்டவர்கள் கணக்கிலும் தள்ளி வைக்கப்படுவதை நாம் பொறுத்துக்கொள்ளலாமா?

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற கிராம சபை நாள்களில் வெறுங்கையோடு செல்லாதீர்கள். நம் பகுதியின் தொட்டி, சாலை, விளக்கு, சுடுகாட்டுப் பாதை, சமுதாயக் கூடம் ஆகியவற்றை நேரில் பார்த்துப் பட்டியலிடுங்கள். ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். விடுபட்டவற்றைச் சேர்க்கத் தீர்மானம் கேளுங்கள். விவரம் தர மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது.

வணிகவியல் பயிலும் நம் பிள்ளைகள் அக்கல்வியை வேலைக்கான வழியாக மட்டும் எண்ண வேண்டாம். கணக்குப் படிக்கத் தெரிந்த ஒருவர் தெருவுக்கு ஒருவர் இருந்தால், கட்டியதைக் காக்கும் வலிமை நமக்கு வரும். அத்தகையோரை இக்கழகம் உருவாக்க வேண்டுமென விழைகிறேன்.