எண்பதில் நிற்கும் முள்



சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து கிளம்பி நாமக்கல் போகும்போது கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், வாசிப்பதற்கு நிறையக் கிடைக்கும். குலதெய்வத்தின் பெயர் இருக்கும். பிள்ளைகளின் பெயர் இருக்கும். 'ஒலி எழுப்பவும்' என்றிருக்கும். இத்தனைக்கும் நடுவில் ஓர் எண்ணும் இருக்கும். சாதாரணச் சரக்கு லாரி என்றால் 80, கேஸ் டேங்கர் என்றால் 60. மற்றதெல்லாம் உரிமையாளர் ஆசைப்பட்டு எழுதியவை. இந்த எண் மட்டும் சட்டம் எழுதியது.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 118ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. 2015 ஏப்ரல் 15 அன்று அதைத் திருத்தி வெளியிட்டார்கள். சரக்கு வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம், உச்சவேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்து, ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டி ஆகியவற்றுக்கு 60. அந்த ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து தயாராகும் வண்டிகள் கருவியோடுதான் வெளியே வர வேண்டும் என்றும் சொன்னார்கள். ஓட்டுநர்கள் இதை 'கவர்னர்' என்பார்கள். மாநிலத்தின் கவர்னரைவிட இந்தக் கவர்னரோடுதான் அவர்களுக்குத் தினசரிப் பழக்கம்.

பழைய வண்டிகளில் டீசல் போகும் குழாயில் ஒரு வால்வை வைத்து இதைச் செய்தார்கள். புது வண்டிகளில் என்ஜினின் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. எண்பது வந்ததும் டீசலைக் கொடுக்காது. ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் முள் நகராது. தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) போகும்போது சீல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இந்தச் சமாச்சாரத்துக்கு நாமக்கல்லைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. லாரிக்குப் பாடி கட்டுவது இந்த ஊரின் தொழில். பக்கத்தில் சங்ககிரி, லாரிக்காரர்கள் ஊர். திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் ஊர். தென் மாநிலங்களில் சமையல் எரிவாயுவை மொத்தமாக ஏற்றிப்போகும் டேங்கர் உரிமையாளர்களின் சங்கத்துக்கும் நாமக்கல்தான் தலைமையிடம். 2025 மார்ச் இறுதியில் எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த விதிகளை எதிர்த்து அவர்கள் வண்டியை நிறுத்தியபோது, தென்னிந்தியா முழுக்கச் சிலிண்டர் தட்டுப்பாடு வருமோ என்று எல்லோரும் கவலைப்பட்டது நினைவிருக்கலாம். உங்கள் வீட்டு அடுப்பில் எரியும் வாயு, பெரும்பாலும் அறுபதைத் தாண்டக்கூடாத ஒரு வண்டியில் வந்ததுதான்.

நாமக்கல்லின் முட்டை லாரியை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அதற்குக் கவர்னரே வேண்டாம். ஏற்றியிருக்கும் சரக்கே கவர்னர்.

சரி, வேகத்துக்கு அணை போட்டால் ஓட்டுநருக்கு என்ன ஆகிறது? நேரம் கூடுகிறது என்பதுதான் முதல் பதில். எவ்வளவு என்று பார்ப்போம். சென்னையிலிருந்து சேலம் சுமார் 340 கிலோமீட்டர். எண்பதில் நிற்காமல் வந்தால் நாலேகால் மணி நேரம். நூறில் வந்தால் மூன்று மணி இருபத்துநாலு நிமிடம். வித்தியாசம் ஐம்பத்தொரு நிமிடம். டேங்கர்காரருக்கு இது இன்னும் பெரிது. மங்களூரில் ஏற்றிக்கொண்டு பெங்களூர் வழியாகச் சேலம் வர ஏறத்தாழ 550 கிலோமீட்டர். எண்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் இரண்டேகால் மணி நேரம் போகும். இதெல்லாம் காகிதக் கணக்கு. மலைப்பாதை, டோல்கேட், ஊர் நெரிசல் எல்லாம் சேர்ந்தால் எந்த லோடு வண்டியும் சராசரியாக எண்பதைத் தொடாது. அரசாங்கத்துக்கே இது தெரியும். சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லுக்கு 2021 ஜனவரி முதல் இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்றுதான் ஆயுள் கொடுத்திருக்கிறார்கள். இருநூறு கிலோமீட்டர் என்பது எண்பதில் ஓடினால் இரண்டரை மணி நேரப் பாடு. மீதி இருபத்தொன்றரை மணி நேரம் எங்கே போகிறது?

அந்த நேரம் பெரும்பாலும் நின்றுகொண்டு போகிறது. லோடு ஏற்ற வரிசை, இறக்க வரிசை. புரோக்கர் ஆபீஸில் ரிட்டன் லோடுக்குக் காத்திருப்பு. நகரத்துக்குள் பகலில் கனரக வண்டிக்குத் தடை, அதனால் ஊர் எல்லையில் இரவு வரை ஹால்ட். எரிவாயு பாட்லிங் பிளான்ட் வாசலில் டோக்கன் எப்போது வரும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது. கவர்னர் பிடுங்கிக்கொள்ளும் ஐம்பது நிமிடத்தை இந்த மணிக்கணக்குக்குப் பக்கத்தில் வைத்தால், அது சில்லறை.

அப்படியானால் ஓட்டுநர்கள் ஏன் கவர்னர் மேல் இவ்வளவு கடுப்பாக இருக்கிறார்கள்? கூலி கொடுக்கும் முறையில் இதற்குப் பதில் இருக்கிறது.

நம் பக்கத்தில் லாரி ஓட்டுநருக்கு மணிக்கு இவ்வளவு என்று கூலி கிடையாது. நடைக்கு இவ்வளவு. சில வண்டிகளில் வாடகையில் ஒரு சதவீதம், சிலதில் பேட்டா, சிலதில் கொஞ்சம் மாதச் சம்பளமும் பேட்டாவும். மாதத்துக்கு நாலு நடை போனால் நாலு நடைக்குரிய காசு, மூன்று போனால் மூன்று. சக்கரம் சுற்றினால்தான் சம்பளம். நிற்கும் நேரத்துக்கு ஹால்டிங் என்று ஏதாவது வந்தாலும் அது முதலில் உரிமையாளர் கைக்கு வரும், அவராகப் பார்த்துக் கொடுத்தால் உண்டு. ஆகவே வாசலில் தொலைந்த ஆறு மணி நேரத்தை ஓட்டுநர் எங்காவது மீட்டாக வேண்டும். மீட்பதற்கு அவர் கையில் இருந்த கருவி ஒன்றே ஒன்று, ஆக்சிலேட்டர். அதைத்தான் கவர்னர் பூட்டிவிட்டது.

அமெரிக்காவில் இந்தச் சண்டை வேறு மாதிரி நடக்கிறது. அங்கே நெடுந்தூர ஓட்டுநர்கள் பலருக்கு மைலுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு பணி நாளில் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான வண்டிகளில் மின்னணுக் கருவி அதைப் பதிவு செய்கிறது. கம்பெனி தன் வண்டியின் வேகத்தை எட்டு கிலோமீட்டர் குறைத்து வைத்தால், பதினோரு மணி நேரத்தில் எண்பத்தெட்டு கிலோமீட்டர் போச்சு, அதற்குரிய கூலியும் போச்சு. 1938இல் வந்த அவர்களுடைய தொழிலாளர் சட்டம் இந்த ஓட்டுநர்களை ஓவர்டைம் வரம்பிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. நாடு முழுக்கக் கனரக வண்டிகளுக்குக் கவர்னரைக் கட்டாயமாக்க 2016இல் ஒரு வரைவு வந்தது. இழுத்துக்கொண்டே போய் 2025 ஜூலையில் அதைக் கைவிட்டார்கள்.

அங்கே வேகம் குறைந்தால் கூலி குறைகிறது. இங்கே ஓட்டும் மணி நேரத்துக்கு நடைமுறையில் மேல்வரம்பு கிடையாது. அதனால் வேகம் குறைந்தால் தூக்கம்தான் குறைகிறது. அதே நடையை முடிக்க, இரவில் இன்னும் ஒரு மணி நேரம், விடியற்காலையில் இன்னும் ஒரு மணி நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

சட்டமே இல்லையா என்றால், இருந்தது. 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 2025 நவம்பர் வரை அமலில் இருந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு. நெடுந்தூர வண்டிக்குப் பத்து மணி நேரம் வரை போகலாம் என்றிருந்தது. ஐந்து மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி நேரம் ஓய்வு. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. நம் நாட்டு லாரிகளில் பெரும்பகுதி ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்களுடையது. பல பேர் தாங்களே ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு அந்தச் சட்டம் பஸ் ஜன்னலில் தெரிகிற நிலா மாதிரி இருந்தது, கூடவே வரும், கைக்கு எட்டாது. தேசிய பர்மிட் வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்றிருந்த விதியையும் 2018இல் எடுத்துவிட்டார்கள். பழைய கிளீனர் பையன்களும் இப்போது கிடைப்பதில்லை. பல கேபின்களில் ஓட்டுநர் தன்னந்தனியாகத்தான் போகிறார்.

நான் கவர்னருக்கு எதிரி இல்லை. வேகம் எண்பதிலிருந்து நூறுக்குப் போனால் வண்டியின் மோதும் ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேலே போகும். பதினேழு, பதினெட்டு டன் எரிவாயுவோடு வரும் டேங்கர் அறுபதில் வருவதுதான் சாலையோர ஊர்களுக்கு நல்லது. டீசலும் மிச்சம். 

ஆனால் அந்தக் கருவியால் ஆகாத காரியங்களும் உண்டு. தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு வரும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. அங்கே எத்தனை விபத்து! 2024 ஜனவரியில் நடந்தது தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தது. இறக்கத்தில் கவர்னர் என்ன செய்யும்? டீசலைத்தான் நிறுத்தும். இறக்கத்தில் வண்டியை ஓட்டுவது டீசல் இல்லை, அதன் பாரம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் என்ஜினின் பிடியும் போய், முழுப் பாரமும் பிரேக் மேல் விழுந்து, அது சூடேறிக் கைவிட்டுவிடும். தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்க நேரமாகும். அந்தப் பத்து நிமிடத்துக்கும் நடைக் கணக்கில் காசு கிடையாது.

முந்துவதும் ஒரு சிக்கல். ஒரு லாரி 80இல் போகிறது, முன்னால் ஒன்று 78இல் போகிறது. பின்னால் இருப்பது முந்தி, இடம் விட்டு இடதுபுறம் வர அறுபது மீட்டர் கூடுதலாகப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்தில் அதற்கு நூற்றெட்டு வினாடி ஆகும். அதற்குள் வண்டி இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். ஜெர்மனியில் இதற்கு 'யானைப் பந்தயம்' என்றே பெயர். பின்னால் கார்க்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். நாலுவழிச் சாலையில் இது எரிச்சலோடு போய்விடும். சேலம் – உளுந்தூர்பேட்டைச் சாலையில் நெடுங்காலம் இருவழியாகவே கிடந்த ஆத்தூர், கள்ளக்குறிச்சிப் புறவழிகளில் இதையே செய்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பக்கத்து நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் வேகத்தையும் ஓட்டும் நேரத்தையும் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். கனரக லாரிக்கு 90இல் கவர்னர். கூடவே, நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓய்வு, சாதாரணமாக நாளுக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம். 2006இல் வந்த அந்த விதியில் இன்னொரு பிரிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓடிய தூரத்துக்கோ ஏற்றிய சரக்குக்கோ ஏற்பக் கூலி கொடுத்து, அது ஓட்டுநரை விதி மீற வைக்குமானால், அப்படிக் கூலி கொடுப்பதற்கே தடை. வண்டியின் வேகத்தை வரையறுத்தவர்கள் கூலிப் பட்டியலிலும் கை வைத்தார்கள். அங்கேயும் ஏமாற்று உண்டு, இல்லாமலில்லை. ஆனாலும் எதைக் கேட்க வேண்டும் என்று ஓட்டுநருக்குத் தெரியும்.

நம் ஊரிலும் பேச்சு எழுந்ததுண்டு. விமானிகளுக்கு இருப்பதுபோல லாரி ஓட்டுநர்களுக்கும் ஓட்டும் நேரத்தை வரையறுக்க வேண்டும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2021 செப்டம்பரில் சொன்னார். புதிய கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்பது 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. நல்ல விஷயம், காத்திருக்கும்போது வியர்க்காது.

அந்தக் காத்திருப்பை அளக்க வழி இல்லையா என்று கேட்கலாம். வழி ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது. எரிவாயு டேங்கர் ஒவ்வொன்றிலும் ஜி.பி.எஸ். உண்டு. மற்ற லாரிகளிலும் பெருகிவிட்டது. எந்த வாசலில் எத்தனை மணிக்கு வந்து நின்றது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று நிமிடம் பிசகாமல் உரிமையாளரின் போனில் தெரிகிறது. டீக்கடை ஓரத்தில் இருபது நிமிடம் வண்டி நின்றால் உடனே போன் வரும்: "ஏப்பா, வண்டி ஏன் நிக்குது?" பிளான்ட் வாசலில் இருபது மணி நேரம் நின்றால் அந்தப் போன் வருவதில்லை.