அணைந்த தீயும் அணையாப் பாட்டும்

 

ஐரோப்பாவின் வடகிழக்கில், பால்டிக் கடலோரத்தில், இலித்துவேனியா என்னும் சிறுநாடு ஒன்று உள்ளது. அதன் மக்கள்தொகை 30 இலக்கத்திற்கும் குறைவு. ஆயினும் ஐரோப்பாவில் கிறித்தவத்திற்கு இறுதியாகத் தலைவணங்கிய அரசு அதுவே. உரோமப் பேரரசு கிறித்தவமாகி ஆயிரம் ஆண்டுகள் ஆகும் வரையிலும் அந்நாட்டினர் இடியையும் நிலத்தையும் ஞாயிற்றையும், ஏன், அடுப்பில் எரியும் தீயையும் தம் மொழியிற் பெயர் சொல்லி அழைத்து வணங்கி வந்தனர். அவ்வழிபாட்டுறவு அறுபட்ட வகையும், அறுபட்டதை அம்மக்களுள் ஒரு சாரார் மீண்டும் முடிந்துகொண்ட வகையுமே இன்றைய உரைக்குப் பொருள்.

இத்தகையோரை மேலைநாட்டார் 'பேகன்' என்பர். மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளலுக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை! 'பாகசு' என்னும் இலத்தீன் சொல் நாட்டுப்புறத்தைக் குறிப்பது. அதன்வழி வந்த இப்பெயருக்குப் பட்டிக்காட்டான் என்பதே முதற்பொருள் என்று பலரும் விளக்குவர். தன் தெய்வத்தைத் தன் வாய்மொழியால் வணங்குபவனைப் பட்டிக்காட்டான் எனப் பழிப்பது உலகெங்கும் உள்ள வழக்குப் போலும். இங்கு அவர்களைத் தொல்நெறியாளர் என்றே குறிப்பது தகும்.

அவர்தம் தெய்வங்களின் பெயர்களைப் பாருங்கள். இடிக்குத் தெய்வம் பெர்க்கூனாசு. நிலத்தாய் சேமீனா, 'சேமே' என்றாலே அம்மொழியில் நிலம். ஞாயிறு பெண்தெய்வம், பெயர் சவுலே. அம்மொழியில் ஞாயிற்றுக்கு வேறு பெயரும் இல்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்ல வாய் திறந்தாலும் தெய்வத்தின் பெயரே வாயில் வரும். இம்மொழியை மொழியறிஞர் வடமொழிக்கு உறவுமொழி என்பர். அதை மறைக்க வேண்டுவதில்லை. நோக்கத்தக்கது வேறொன்று. அங்கு வீட்டு அடுப்படியில் வழிபாடு நடத்தியவள் அவ்வீட்டுப் பெண். அவளுக்கும் தெய்வத்திற்கும் இடையே, அவளுக்குப் புரியாத மொழியில் ஓதுபவன் ஒருவனும் நிற்கவில்லை.

அடுப்புத் தீக்குக் கபியா என்று பெயர். இரவில் அவ்வீட்டுப் பெண் கனலைக் கூட்டிச் சாம்பலால் மூடுவாள். அதனை மூடுதல் என்று அவர்கள் கருதுவதில்லை. குழந்தையைப் போலத் தீயை உறங்க வைப்பதாகவே கருதினர். கபியா நீராட வேண்டுமே என்று அடுப்பருகில் ஒரு கலத்தில் தூய நீர் வைப்பதும் உண்டு. தீயில் உமிழ்வதும் அதனைக் காலால் மிதிப்பதும் பெரும்பழி. காலையில் சாம்பலை விலக்கினால் உள்ளே கனல் இருக்கும். இச்செய்கையை நினைவில் வையுங்கள்.

1386ஆம் ஆண்டில் இலித்துவேனியப் பெருங்கோமான் யோகைலா, போலந்து அரசியை மணந்து அந்நாட்டு முடியையும் பெறும்பொருட்டுத் திருமுழுக்குப் பெற்றான். அடுத்த ஆண்டில், அதாவது 1387இல், நாட்டுக்கே திருமுழுக்கு நடந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து எழுதிய போலந்து வரலாற்றாசிரியர் துலூகோசு அதனை விரித்துரைக்கின்றார். வில்னியசு நகரில் எரிந்த திருத்தீ அணைக்கப்பட்டது, திருக்காடுகள் வெட்டப்பட்டன, வீடுகளில் பேணப்பட்ட பாம்புகள் கொல்லப்பட்டன. மக்களைக் கூட்டங் கூட்டமாக நிறுத்தி நீர் தெளித்து, ஒரு கூட்டத்திற்கு ஒரே பெயராக இட்டுச் சென்றனர். வந்தவர்க்குக் கம்பளி ஆடை வழங்கினர். எல்லாவற்றினும் நகைப்பிற்குரியது இதுவே: போலந்திலிருந்து வந்த சமயக்குரவர்க்கு மக்கள்மொழி தெரியாது; ஆகவே வேண்டலுரைகளை அரசனே மொழிபெயர்த்துச் சொல்ல நேர்ந்தது! தீ எரிந்த இடம் இன்றைய வில்னியசுப் பேராலயம் நிற்கும் இடமே என்பது வழிவழிச் செய்தி. அகழ்வாய்வாளர் அதில் ஒருமுகப்படவில்லை.

அரசனுக்கு முடி கிடைத்தது. மக்களுக்கு என்ன நேர்ந்தது? பின்னாளில் இரண்டாம் பயசு எனப் பெயர் பூண்டு போப்பாண்டவரான ஏனியா சில்வியோ என்பவர், திருக்காடுகளை வெட்டுவித்த இயெரோம் என்னும் துறவியின் வாய்வழி கேட்டதை எழுதி வைத்திருக்கின்றார். காடு வெட்டுண்டதைக் கண்ட பெண்கள் அழுதபடி திரண்டு, நாட்டை ஆண்ட விட்டௌத்தாசு என்பானிடம் சென்றனர். எங்கள் தெய்வத்தின் வீட்டை வெட்டிவிட்டார்கள். அங்கிருந்துதான் மழையும் வெயிலும் வேண்டிப் பெற்றோம். இனித் தெய்வத்தை எங்கே தேடுவது என்று முறையிட்டனர். குடிகள் தன்னை விட்டு அகன்றுவிடக் கூடும் என்று அஞ்சிய விட்டௌத்தாசு அத்துறவியைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

அப்பெண்கள் மறுமைக்கு அஞ்சி அழவில்லை; கொள்கை வழக்கிடவும் இல்லை. நாள்தோறும் பேசிவந்த ஒருவர் குடியிருந்த வீடு காணாமற்போயிற்று, முகவரி தெரியவில்லை. இறையுறவு அறுபடுவது என்பது அதுதான். அதைப் பதிவு செய்தவர், வெட்டுவித்தவரின் பக்கத்தைச் சேர்ந்தவர் என்பதும் கருதத்தக்கது.

இதற்கு முன்னரே அண்டை இனமொன்று முற்றாக வீழ்ந்திருந்தது. புருசியர் என்னும் பால்டிக்கு மக்களைச் செருமானியப் படைத்துறவியர் 13ஆம் நூற்றாண்டில் வென்றடக்கினர். உரொமுவா என்னும் பெருந்திருவிடம் அவர்கள் நாட்டில் இருந்ததென 1326இல் எழுதப்பட்ட தூசுபர்க்கு பேதுருவின் வரலாறு கூறும். அமைதி என்னும் பொருள்தரும் வேரிற் பிறந்த பெயர் அது. புருசிய மொழி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசுவாரின்றி மாண்டது. அம்மொழியில் இன்று எஞ்சியுள்ள அச்சு நூல்கள் யாவை? 1545இலும் 1561இலும் வெளிவந்த கிறித்தவ வினாவிடைச் சுவடிகள்! மொழி போன பின் அந்தத் தெய்வங்களைக் கூப்பிட அங்கு ஒரு நாவும் இல்லை. புருசியர் என்னும் பெயரையும் வென்றவரே எடுத்துச் சூடிக்கொண்டனர்.

இலித்துவேனியர்க்கு அந்நிலை வரவில்லை. அவர்களுடைய மொழி உழவர் வீடுகளில் உயிரோடிருந்தது. உயர்குடியினர் போலந்து மொழிக்கு மாறிவிட்டனர், அது வேறு. அம்மொழியின் முதல் அச்சுநூலும் வினாவிடைச் சுவடியே. 1547இல் மசுவீதாசு என்பவர் வெளியிட்டது. பழைய தெய்வங்களைக் கைவிடுங்கள் என்று அந்நூலின் முன்னுரை மக்களை நோக்கிச் சொல்கின்றது. எவ்வெவற்றைக் கைவிட வேண்டும் என்று பெயர்களையும் சொல்கின்றது. நாடு திருமுழுக்குப் பெற்று 160 ஆண்டுகள் கழிந்த பின்னும் அவ்வாறு சொல்ல வேண்டியிருந்தது! ஒழிப்பதற்காக எழுதப்பட்ட பெயர்கள் அச்சேறியதனால் நிலைபெற்றன.

ஒருபக்கமாகப் பேசுதல் ஆகாது. 'தைனா' எனப்படும் நாட்டுப்பாடல்களை முதன்முதல் தொகுத்து 1825இல் நூலாக்கிய இரேசா ஒரு கிறித்தவ ஊழியர். ஏறத்தாழ 7,000 பாடல்களைத் திரட்டிய அந்தானாசு யூசுகாவும் கத்தோலிக்கச் சமயக்குரவரே. உருசியப் பேரரசு 1864 முதல் 1904 வரை இலத்தீன் எழுத்தில் இலித்துவேனிய நூல்களை அச்சிடத் தடைவிதித்தபோது, எல்லைக்கப்பால் அச்சிட்டு நூல்களைக் கடத்திவர உதவியவருள் தலையாயவர் வலாஞ்சியூசு என்னும் கத்தோலிக்க ஆயர். மொழிக்கு உழைத்தவர் எந்நெறியினராயினும் அவர் உழைப்பை மறுப்பது நன்றியின்மை. தாம் காப்பது ஏட்டை மட்டுமன்று, தம் முன்னோர் அணைத்த தீயின் கனலையும் சேர்த்துத்தான் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்களோ, இல்லையோ! அப்பாடல்களில் ஞாயிறு மகளை மணமுடித்துக் கொடுக்கின்றாள். திங்கள் பிழை செய்கின்றான். பெர்க்கூனாசு அவனை வாளால் பிளக்கின்றான். வினாவிடைச் சுவடி எட்டாத இடத்தில் அவர்கள் இருந்தார்கள்.

பிறகு சோவியத்து ஆட்சி வந்தது. பல்லாயிரவர் சைபீரியாவிற்கு நாடுகடத்தப்பட்டனர். ஊர்ப்புற வாழ்வே குலைந்தது. பாட்டிக்குப் பாட்டி கைமாறிய பாடல் பேத்தியிடம் வந்து சேரவில்லை. முதல் அறுப்பைக் காட்டிலும் இவ்வறுப்பே ஆழமானது எனலாம். முன்னதில் திருக்காடுதான் போயிற்று. பின்னதில் அடுப்படியே போயிற்று.

இந்நிலையில்தான் யோனாசு திரிங்கூனாசு என்னும் இளைஞர் வருகின்றார். 1939இல் பிறந்தவர், வில்னியசுப் பல்கலைக்கழகத்தில் மொழியும் இலக்கியமும் பயின்றவர். 1967இல் அவரும் நண்பர்களும் கெர்னாவே என்னும் பழங்கோட்டை மேடுகளில், கோடையின் நெடும்பகல் நாளில், 'இரசோசு' விழாவை எடுத்தனர். இரசா என்றால் பனித்துளி. கிறித்தவம் அவ்விழாவிற்கு யோவான் பெயரைச் சூட்டியிருந்தது; இளைஞர் பழம்பெயரை மீட்டனர். தீ மூட்டினர், பெண்கள் பூவளையங்களை ஆற்றில் விட்டனர், விடியும் வரை பாடி, எழும் ஞாயிற்றை வரவேற்றனர்.

அந்த இரவில் அவர்கள் தொல்நெறியாளராக இருந்தனரா? தொடக்கத்தில் அது நாட்டுப்புறவியல் என்னும் பெயரிலேயே நடந்தது. வேறு பெயரில் நடத்த ஆட்சி விடாது. மாணவர் ஊர்தோறும் சென்று முதியோரிடம் பாடல்களைக் கேட்டு எழுதினர். ஆனால் பாடல் என்பது எழுதி வைப்பதோடு முடிவதன்று. கூடத்தில் பாடினால் கலை. தீயின் முன் நின்று, அத்தீயையே முன்னிலைப்படுத்திப் பாடினால் அது வேறொன்றாகி விடுகின்றது. ஒருவன் நம்பிக்கை வந்த பின் பாடத் தொடங்குவான் என்றே பலரும் எண்ணுவர். அங்கு நடந்தது தலைமாறி. ஆட்சியாளர்க்கும் அது விளங்கியிருக்க வேண்டும். வெறும் ஆட்டமும் பாட்டும் என்றால் 1971இல் இரமுவா என்னும் அவ்வமைப்பை ஏன் ஒடுக்க வேண்டும்? திரிங்கூனாசு பல்கலைக்கழகப் பணியை இழந்தார். கற்பிக்கும் பணிக்கு நெடுங்காலம் அவர் திரும்ப முடியவில்லை.

1988இல் நாடெங்கும் விடுதலை எழுச்சி பாட்டாகவே கிளம்பியது. இரமுவாவும் மீண்டெழுந்தது. அடுத்த ஆண்டில் திரிங்கூனாசும் அவர் துணைவி இனியாவும் ஒரு பாடற்குழுவைத் தொடங்கினர். அதன் பெயர் 'கூல்கிரிண்டா'. பெயரை நன்கு தேர்ந்தனர். சதுப்பு நிலத்தில், நீர்மட்டத்திற்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் கல்பாவி அமைத்த பழைய வழிக்கு அம்மொழியில் கூல்கிரிண்டா என்று பெயர். வழி வளைந்து வளைந்து செல்லும். அவ்வூரார் மட்டும் கால் வைக்கும் இடம் அறிந்து கடந்து செல்வர். துரத்திவரும் பகைவன் சேற்றில் புதைவான்.

1992இல் உரொமுவா என்னும் பெயரில் சமயக் குழுவாகப் பதிந்துகொண்டனர். மாண்டுபோன புருசியரின் திருவிடப் பெயர் மீண்டும் ஒலித்தது. 2002இல் வில்னியசின் கெதிமினாசு மேட்டில் திரிங்கூனாசு 'கிரிவிசு' என்னும் தலைமைக் குரவராக அமர்த்தப்பட்டார்.

ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். பழைய வழிபாட்டு முறை முழுமையாக எவரிடமும் இல்லை. கிரிவிசு என்னும் பதவி தூசுபர்க்கு பேதுரு எழுதியவாறே இருந்ததா என்பதில் அறிஞர்க்கு ஐயம் உண்டு. மாற்றார் எழுதிய குறிப்பு, பாட்டு, விழா, பழக்கம் ஆகியவற்றைக் கொண்டு கட்டியதே இன்றைய உரொமுவா. ஆகவே இது போலி என்பார் உளர். அறுபட்ட கயிற்றை முடிந்தால் முடிச்சுத் தெரியத்தான் செய்யும். முடிச்சு இருக்கிறது என்பதற்காகக் கயிறே இல்லை என்பது என்ன அளவை?

எண்ணிக்கை சிறிதே. 2001 மக்கள்தொகைக் கணக்கில் தம்மைத் தொல்பால்டிக்கு நெறியினர் எனக் குறித்தோர் 1,270 பேர். 2011இல் 5,118 பேர். பதிவுபெற்று 25 ஆண்டுகள் நிறைந்தபின் அரசின் ஏற்பைக் கேட்கலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். கேட்டனர். 2019இல் நாடாளுமன்றம் மறுத்தது. இது சமயமே அன்று, பண்பாட்டு அமைப்பு என்று உறுப்பினருள் சிலர் வழக்காடினர். சோவியத்துக் காலத்தில் உயிர்காக்கப் போர்த்திய போர்வை, விடுதலை நாட்டில் குற்றச்சாட்டாக வந்து நின்றது! உரொமுவாவினர் ஐரோப்பிய மாந்தவுரிமை முறைமன்றத்திற்குச் சென்றனர். 2021 சூன் 8ஆம் நாள், நாடாளுமன்றம் வேற்றுமை பாராட்டிற்று என்று அம்மன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் மூன்றாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2024 திசம்பரில் நாடாளுமன்றம் ஏற்பு வழங்கியது.

அதனைக் காணத் திரிங்கூனாசு இல்லை; 2014 சனவரியில் மறைந்துவிட்டார். அவருக்குப் பின் தலைமையேற்றவர் அவர் துணைவி இனியா. அடுப்படியில் சாம்பல் மூடிக் கனல் காத்த பெண்களின் வழியில், இன்று கல்லடுக்கிய தீமேடையின் முன் நின்று பாடலை எடுத்துக் கொடுப்பவர் ஒரு பெண்.

அவ்வேற்பினால் என்ன கிடைத்தது என்று கேட்பார்க்கு ஒரு செய்தி. அதுவரை அத்தீயின் முன் மணந்துகொண்டோர் தம் திருமணத்தை அரசு அலுவலகத்தில் மறுபடியும் பதிய வேண்டியிருந்தது. இனி, தீயின் முன் பாடி முடித்த திருமணமே சட்டப்படியும் திருமணம்.